பிரீயா விகார்: 4.6 சதுர கிலோமீட்டர் நிலம் இரண்டு நாடுகளின் அடையாளத்துக்குள் எப்படிப் புகுந்தது?

கேள்வி | வடமலை
தாய்லாந்து-கம்போடியா எல்லையில் உள்ள பிரீயா விகார் சிவன் கோயில் கம்போடியாவுக்கே சொந்தம் என்று 1962-லேயே சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் 2008 முதல் 2011 வரை அங்கே மோதல்கள், 2025 ஜூலையில் அதே எல்லையில் ஐந்து நாள் சண்டை. கோயிலைச் சுற்றித் தகராறில் இருந்த நிலம் 4.6 சதுர கிலோமீட்டர்தான். இதை ஏன் இரண்டு நாட்டு மக்களும் தன்மானப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள்?

பதில் 1 | அளவுகோல்
வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) கம்போடியாவை அப்போது ஆண்ட பிரான்ஸும் செய்த 1904 ஒப்பந்தப்படி டாங்ரெக் மலையின் நீர்ப்பிரிமேடுதான், அதாவது மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகடுதான், எல்லை. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து 1908-இல் சயாமிடம் கொடுத்த வரைபடத்தில் கோடு கோயிலுக்கு வடக்கே வளைந்துபோய், கோயில் கம்போடியப் பக்கம் விழுந்தது. சயாம் மறுக்கவில்லை. சயாமின் உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங் நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப மேலும் 15 பிரதிகள் கேட்டார். 1934-35-இல் தாய்லாந்து தானே அளந்து வேறுபாட்டைக் கண்டுகொண்டது. அதற்குப் பிறகும் கோயிலைக் கம்போடியாவில் காட்டும் வரைபடங்களையே பயன்படுத்தியது.

இத்தனை காலம் பேசாமல் இருந்ததே சம்மதம் என்று 9-க்கு 3 என நீதிபதிகள் முடிவெடுத்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை. தாய்லாந்தில் இன்றும் ஆறாத புண் இதுதான். "மலை எங்கள் பக்கம் சாய்கிறது, காகிதம் பறித்துக்கொண்டது" என்ற எண்ணம் அங்கே ஊறிப்போய்விட்டது.

பதில் 2 | கல்தூண்
தாய்லாந்தில் இதற்கு முன்பே ஒரு மனக்குறை உண்டு. பிரான்ஸிடமும் பிரிட்டனிடமும் இழந்த நிலங்களைக் காட்டும் "இழந்த பிரதேசங்கள்" வரைபடங்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன. 1941-இல் மேற்குக் கம்போடியாவைத் திரும்பப் பிடித்ததன் நினைவாக பாங்காக்கில் வெற்றிச் சின்னமே எழுப்பினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சின்னம் மட்டும் நகரின் நடுவில் நிற்கிறது.

1962 தீர்ப்புக்குப் பிறகு தாய்லாந்து வீரர்கள் கோயிலைவிட்டு வெளியேறியபோது கொடியை இறக்கவில்லை. பறந்த கொடியோடு கம்பத்தையே பெயர்த்து, எதிரே உள்ள மோ இ டேங் பாறைமுகட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்கள், மனத்தால் ஏற்கவில்லை.

பதில் 3 | மேகொங்
கம்போடியாவின் பயம் வேறு மாதிரி. ஒருபுறம் சயாம், மறுபுறம் வியட்நாம், நடுவில் தேய்ந்துகொண்டே வந்த நாடு என்றுதான் அவர்கள் தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறார்கள். தேசியக் கொடியிலேயே அங்கோர் வாட் இருக்கிறது. அங்கோர் வாட் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று ஒரு தாய் நடிகை சொன்னதாக வதந்தி கிளம்பியதும், 2003 ஜனவரி 29 அன்று கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்துக்கே தீ வைத்தார்கள். அவர்களுக்குக் கோயில் என்பது "இன்னும் அழியாமல் இருக்கிறோம்" என்பதற்கான அத்தாட்சி. அதனால்தான் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பிரீயா விகார் சேர்ந்தபோது அவ்வளவு கொண்டாட்டம்.

வடமலை
சரி, பேசித் தீர்க்க முயலும்போது எங்கே சிக்குகிறது?

அளவுகோல்
இரண்டு இடங்களில். முதலாவது, வரைபடத்தின் அளவுகோல். கம்போடியா காட்டுவது 1:2,00,000 வரைபடம், தாய்லாந்து காட்டுவது 1:50,000. முதல் வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 200 மீட்டர். கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு காவல் சாவடி அடங்கிவிடும். 2013-இல் நீதிமன்றம் கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுடையது என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் பக்கத்தில் உள்ள புனோம் ட்ராப் குன்று அதில் அடங்காது என்றும் சொல்லிவிட்டது.

இரண்டாவது, கையெழுத்து. கோயிலை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கம்போடியா கொடுத்த யுனெஸ்கோ மனுவுக்கு ஆதரவாகக் கூட்டறிக்கையில் ஒப்பமிட்ட தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நொப்படோன், நாடாளுமன்ற ஒப்புதல் தேவைப்பட்டது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதும் 2008 ஜூலையிலேயே பதவி விலகினார். தெருவில் அவரை "நிலத்தை விற்றவர்" என்றார்கள். அதற்குப் பிறகு எல்லைப் பேச்சுக்குப் போகும் எந்த அமைச்சருக்கும் அந்தப் பட்டம் காத்திருக்கிறது.