வாசல் கடையை மூடினால் பிள்ளைகள் தேறிவிடுவார்களா?

சேரன்மாதேவிக்காரன்:
போன வெள்ளிக்கிழமை மகன் படிக்கிற பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை, தாமிரபரணிக்கரை மேல்நிலைப் பள்ளி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ரெண்டே ரெண்டு. வாசலில் பாக்கெட் தீனியும் கலர் சோடாவும் விற்கக் கூடாது. தினமும் ஒரு பீரியடு விளையாட்டு வேண்டும். முதலாவதைச் சொன்னதுமே பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவதற்கு ஒரு கணக்கு வாத்தியார் சிரித்தே விட்டார்.

மகன் ஏழாவது. சாயங்காலம் நாக்கை நீட்டச் சொன்னால் செக்கச்செவேல் என்று இருக்கும். பத்து விரலிலும் மோதிர வத்தலை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்தபடி வருவான். மதியம் சத்துணவில் போடுகிற முட்டையைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பசிக்கு இது. சட்டம் நம் பக்கம்தான். கொழுப்பும் உப்பும் சீனியும் கூடுதலாக இருக்கிற பண்டத்தைப் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. நம்ம பக்கம் யாராவது டேப் பிடித்து அளந்து பார்த்திருக்கிறீர்களா?

பெட்டிக்கடை மகள்:
அண்ணாச்சி, அளந்தால் கடை 52வது மீட்டருக்குப் போகும். பிள்ளைகளுக்குக் கால் இல்லையா என்ன?

நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு கடையில்தான் நான் வளர்ந்தேன். என் காலேஜ் பீஸ் அந்தக் கல்லாவில் இருந்துதான் போனது. சின்ன வயசில் எங்கள் கடையில் நெல்லிக்காய், கொடுக்காப்புளி, உப்பு மிளகாய்ப்பொடி தடவின மாங்காய்க் கீற்று, தை மாசம் பிறந்தால் பனங்கிழங்கு. அதெல்லாம் ஏன் போச்சு தெரியுமா? நெல்லிக்காய் ரெண்டு நாளில் வதங்கிவிடும். மாங்காயைக் கீறி வைத்தால் நாலு மணிக்குள் விற்றாக வேண்டும். பனங்கிழங்கை அம்மா விடியக்காலம் அவித்து, நார் கிழித்து, கட்டுக் கட்டி வைப்பாள். மழை வந்து லீவு விட்டால் அத்தனையும் நஷ்டம். பாக்கெட் அப்படியில்லை. மாலை மாதிரி தொங்கும், மாசக்கணக்கில் கெடாது, வண்டிக்காரரே வந்து மாட்டிவிட்டுப் போவார். கெட்டுப்போகிறதை வாங்கி விற்கிற தைரியம் ஏழைக் கடைக்கு எங்கிருந்து வரும்? மூடச் சொல்கிறவர்கள் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

டவுண் தாத்தா:
வழி என்ன வழி, பழையதுக்குத் திரும்ப வேண்டியதுதான். காமராஜர் 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். நாலு மைல் நடை, சாயங்காலம் ஆற்றில் நீச்சல். வயசுக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் உளுந்தங்களி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு. மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வரைக்கும் போனாரே, சின்ன வயசில் அவருக்கு ஸ்டேடியமா கட்டிக் கொடுத்தார்கள்? மண்ணில் ஆடின கபடி. கடையில் பாக்கெட்டை எடுத்துவிட்டுக் கருப்பட்டி மிட்டாய் வைக்கச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகும்.

மேலப்பாளையம் லேப்:
தாத்தா, கோவிச்சுக்காதீங்க. கருப்பட்டியும் பெரும்பங்கு சீனிதான். கொஞ்சம் இரும்புச்சத்து, கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும், அவ்வளவுதான். பல்லுக்கும் ரத்தத்துக்கும் அது பனையில் இருந்து வந்ததா கரும்பில் இருந்து வந்ததா என்று தெரியாது. போதாக்குறைக்கு, சந்தையில் சீனி கலக்காத கருப்பட்டி எங்கே கிடைக்கிறது? கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றாலாவது கடலையில் புரதம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வேன். அதையும் தினமும் தின்னச் சொல்ல மாட்டேன்.

கலர் கணக்கு சொல்கிறேன். 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சீனி. சின்ன பாட்டில் 200 மில்லி என்றால் 22 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரிய ஆட்களுக்கு. பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு அட்டையில் எழுதிக் காட்டலாம். சிபிஎஸ்இ பள்ளிகளில் 2025ல் சீனிப் பலகை வைக்கச் சொன்னார்களே, அது மாதிரி. மூடுகிறதைவிட இது பரவாயில்லை.

முக்கூடல் அக்கா:
எல்லாரும் நல்லாப் பேசுதீங்க. நானும் கொஞ்சம் சொல்லுதேன்.

நான் பீடி சுத்துகிறவள். காலையில் ஆறு மணிக்கே சொளவை மடியில் வைத்துவிடுவேன். இலையை நனைச்சு, வெட்டி, தூள் போட்டுச் சுத்தி, கட்டுக் கணக்கைக் கடையில் ஒப்படைத்தால்தான் துட்டு. சின்னவன் அஞ்சாவது வரைக்கும் எனக்குக் கவலையே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே காலையில் உப்புமா, பொங்கல், கிச்சடி என்று போட்டுவிடுவார்கள். ஜூன் மாசம் ஆறாவதுக்குப் போனான், காலைச் சாப்பாடு நின்று போச்சு. திட்டம் அஞ்சாம் வகுப்பு வரைதானாம். ஆறாவதுக்குப் போனால் பசி நின்னுருமா? எட்டு மணிக்கு என் கையில் தூளும் இலையுமாக இருக்கும்போது, “எம்மா, பத்து ரூவா” என்று கேட்கிறான். இந்தக் கையோடு என்ன ஊட்ட? துட்டைக் கொடுக்கிறேன். அதுதான் உங்கள் மோதிர வத்தல்.

கடையை மூடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடின அன்றைக்கு என் மகன் மதியம் வரைக்கும் வெறும் வயிற்றோடு இருப்பான். அதையும் உங்கள் கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சேரன்மாதேவிக்காரன்:
அக்கா, நியாயம். இந்த ஆறாம் வகுப்பு விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஆனால் ஒன்று. என் வீட்டில் காலையில் இட்லி உண்டு. தின்றுவிட்டுத்தான் என் மகனும் பத்து ரூபாய் கேட்கிறான். உங்கள் பிள்ளைக்குப் பசி, என் பிள்ளைக்கு ருசி. கடை ரெண்டு பேருக்கும் ஒரே பாக்கெட்டைத்தானே கொடுக்கிறது? அதனால் என் முதல் கோரிக்கையை நான் விடவில்லை.

விசில் வாத்தியார்:
தீனியிலேயே நின்றுவிட்டீர்கள். ரெண்டாவது கோரிக்கைக்கு வாங்க.

2012ல் பகுதிநேர ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று எடுத்தார்கள். 5 முதல் 17 வயது வரைக்கும் தினமும் சராசரி 60 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிஷம். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்புக்கு வாரத்தில் ரெண்டு பீரியடு, 80 நிமிஷம். அதில் வகுப்பிலிருந்து வரிசையாக இறக்கி மைதானத்துக்குக் கூட்டிவரப் பத்து நிமிஷம் போகும். மிச்ச நேரத்தில் 45 பிள்ளைகளுக்கு ஒரு பந்து. வேகமாக ஓடுகிற ஆறு பேர் காலில்தான் அது கிடக்கும், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மைதானத்தில் பாதி உடை முள். செருப்பில்லாமல் ஓடச் சொன்னால் எனக்கே மனசு வராது. தாத்தா சொன்ன மணத்திக்காரர் ஒருத்தர் மேலே வந்தார், சரி. கூட ஆடின மற்றவர்களைப் பற்றி யார் பேசுகிறோம்?

பந்து இல்லாவிட்டால் போகிறது. கிளித்தட்டு, கபடி, கயிறு தாண்டுவது என்று காசில்லாமல் 45 பேரையும் ஓட வைக்க என்னால் முடியும். பீரியடு வேண்டும். பத்தாவதுக்கு அரையாண்டு முடிந்ததும் என் பீரியடு கணக்குக்குப் போய்விடும்.

நூற்றுக்கு நூறு:
அந்தக் கணக்கு வாத்தியார் இனத்தில் ஒருவன் நான். சிரித்தவர் நான் இல்லை, ஆனால் நானும் சிரித்திருப்பேன். ஒரு பையன் ஓடாவிட்டால் என்னை யாரும் கேட்பதில்லை. ஒரு பையன் தோற்றால் விளக்கம் எழுதித் தர வேண்டியது நான். உங்களில் எத்தனை பேர் பெற்றோர் கூட்டத்தில் மகன் எத்தனை சுற்று ஓடுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்? மார்க்கைத்தானே கேட்கிறீர்கள்? பிறகு பி.டி. பீரியடைப் பிடுங்கினான் என்று என்னைத் திட்டுவது என்ன நியாயம்?

பிளஸ் ஒன் பாப்பா:
சார், அந்த பி.டி. பீரியடு இருந்தாலும் எங்களுக்கு இல்லை. எட்டாவது வரைக்கும் ஓடினோம். அப்புறம் பொம்பளைப் பிள்ளைகள் எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறோம். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடினால் பசங்கள் கத்துவார்கள். வேர்த்துப்போய் வந்தால் முகம் கழுவக் குழாயில் தண்ணீர் வராது. மாசத்தில் அந்த நாலு நாள், கக்கூஸ் இருக்கிற நிலைமைக்குத் தண்ணி குடிக்கவே பயம். பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுத்தார்கள், அதில் வீட்டுக்கு வருகிற மூன்று கிலோமீட்டர்தான் எனக்கு விளையாட்டு.

பெட்டிக்கடை மகள்:
பாப்பா, நன்றாகச் சொன்னாய். நீ சொன்ன குழாயை இவர்கள் கூட்டத்தில் ஒருத்தர்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். கடை மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

டவுண் தாத்தா:
அந்தப் பிள்ளை சொல்வது மெய். எங்கள் காலத்திலும் பொம்பளைப் பிள்ளைகள் ஆற்றங்கரையோடு சரி. நான் அதை மறந்துவிட்டுப் பேசினேன். கருப்பட்டியை மட்டும் விட மாட்டேன்.

சேரன்மாதேவிக்காரன்:
அடுத்த கூட்டம் வருகிற வெள்ளி. பாக்கெட்டுக்குத் தடை கேட்பதை நான் மாற்றவில்லை, கடைக்காரம்மாவையே கூட்டத்துக்குக் கூப்பிடப் போகிறேன். சுண்டல் போட்டால் தினமும் எத்தனை படி போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மீந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறாம் வகுப்புக்குக் காலை உணவு கேட்டு மனு, பெண்கள் பக்கத்துக் குழாய், ரெண்டும் சேர்த்தாயிற்று. விசில் வாத்தியார் சார், எங்கள் பள்ளி மைதானத்தில் முள் வெட்டப் பழைய மாணவர்கள் பத்துப் பேர் வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வருகிறீர்களா?

விசில் வாத்தியார்:
வருகிறேன். வெயில் ஏறுமுன் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவோம். அரிவாள் என்னிடம் இருக்கிறது. யார் வீட்டிலாவது பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப் கிடந்தால் ஊசியோடு எடுத்து வாருங்கள். எங்கள் பள்ளியில் இருந்த ஊசி போன வருஷமே ஒடிந்துவிட்டது.