எழுதி வைத்ததைப் படித்தால் அது ஜெபமா?

பனியன்பையன்:
சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வயது 29. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஆராதனை முறைமை முழுவதும் மனப்பாடம். எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும், எந்த ஆமெனை இழுத்துச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும்.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது, ஷிப்மெண்ட் தாமதத்துக்கு, துணி வாங்கும் பையருக்கு என்ன காரணம் எழுதலாம் என்பதையும் மனசுக்குள் யோசித்து முடித்திருந்தேன். அந்தக் காரணமும் பொய். பாவ அறிக்கையில் ஒரு வார்த்தை தவறவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

'உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள். அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாய் விலகியிருக்கிறது' என்று ஏசாயா 29ல் இருப்பது என்னைத்தான். அதிலிருந்து சர்ச்சுக்குப் போகவில்லை. காலையில் 5 மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து என் சொந்த வார்த்தையில் பேசுகிறேன். இருபது வருஷத்தில் கிடைக்காதது இந்த ஆறு வாரத்தில் கிடைத்திருக்கிறது. ஆண்டவரோடு தனிப்பட்ட உறவு இருந்தால் போதும். புத்தகமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். இது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

டீச்சரம்மா_ஈரோடு:
வந்துவிட்டேனுங்க தம்பி. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசினால் சும்மா இருக்க முடியாது.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தோம். வார்டு வாசலில் இரும்பு நாற்காலி. கையில் மகன் வாங்கிக்கொடுத்த காபி, ஆடை படிந்து ஆறிப்போய். ஜெபம் பண்ண வேண்டும் என்று தெரிகிறது, 'ஆண்டவரே'க்கு அடுத்த வார்த்தை வரவில்லை. சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. அப்போது 23ஆம் சங்கீதம் தானாக வந்தது. அதுவும் என் குரலில் வரவில்லை, எங்கள் அப்பாரு குரலில் வந்தது. சாயங்கால ஜெபத்தில் எனக்கு ஆறு வயதில் அவர் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பதினோரு நாளும் நான் ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஜெபம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

இன்னொன்று. ஜெபம் சொல்லிக்கொடுங்கள் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு வார்த்தைகளைத்தான் கொடுத்தார். அதுவும் 'எங்கள் பிதாவே' என்று. 'என் பிதாவே' என்று இல்லை. மாடியில் தனியாக உட்கார்ந்து சொன்னாலும் 'எங்கள்' தானுங்க.

பனியன்பையன்:
டீச்சர், உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் உயிரே அந்த வார்த்தைக்குள் இருந்தது. என் கேள்வி சாதாரண ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்று சொன்னவரும் அவர்தானே? அதே அதிகாரத்தில் 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்றும் சொல்கிறார். ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை வேறு என்னவென்று சொல்வது?

கருமத்தம்பட்டிக்காரன்:
அந்தக் கடைசி வரி எங்கள் பக்கம் எறிந்த கல் மாதிரி இருக்கிறதே. சரி, பிடித்துக்கொள்கிறேன்.

நான் கத்தோலிக்கன். எங்கள் அம்மாச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் செபமாலை அன்னை திருவிழாவுக்குக் கருமத்தம்பட்டி வந்துவிடும். அதன் செபமாலையில் 53 அருள்நிறை மணிகள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக எண்ணியபடி சிரிப்போம். பின்னால்தான் தெரிந்தது, அந்த மணிகளில் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அம்மாச்சி ஆரம்பிக்கும். எனக்கு மூன்றாவது பத்து. பரீட்சை சமயத்தில் இரண்டாவதுக்கு மாற்றியதாம். வாய்தான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. மனசு வீடு வீடாகப் போய்விட்டு வந்தது.

ஒரே ஜெபம் என்கிறீர்கள். கெத்சமனியில் இயேசு மூன்றாவது தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செபித்தார். மத்தேயு 26, 44ஆம் வசனம். உங்கள் பைபிளிலும் இருக்கும்.

தறிச்சத்தம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். எட்டுத் தறி, பெரும்பாலும் நைட் ஷிப்ட். நான் போவது தகரம் போட்ட சின்னச் சபை. அங்கே ஜெபப் புத்தகமே கிடையாது. அதனால் பனியன் தம்பி பக்கம்தான் சாய்வேன். ஆனால் தம்பி, அந்த 5 மணிக் கணக்கு எனக்கு ஒத்துவராது. 5 மணிக்கு நான் தறியில் தார் (நூல் சுற்றிய குச்சி) மாற்றிக்கொண்டிருப்பேன்.

தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே எட்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆனால் புதிதாக வருகிறவனுக்குத்தான் அது இரைச்சல். ஒரு வருஷம் போனால் காது பழகிவிடும். ஒரு தறியில் நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை, சரியாகப் போகவில்லை என்றால் முதுகு காட்டி நின்றாலும் தெரியும். சத்தம் கேட்டு இல்லை, சத்தம் மாறுவதைக் கேட்டு. ஆண்டவரிடம் நான் பேசுவதும் இந்த மாதிரிதான். உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வாய்த்ததில்லை. தறிக்கும் தறிக்கும் நடுவில் நடக்கும்போது ஒரு வாக்கியம். 'அப்பா, வாடகை.' 'அப்பா, பாப்பாவுக்குக் காய்ச்சல்.' அவ்வளவுதான். பதிலும் பெரும்பாலும் சத்தமாக வருவதில்லை. மனசில் ஏதோ ஒன்று மாறி ஓடும், அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கருமத்தம்பட்டிக்காரன்:
அண்ணா, பாரிசில் ஒரு கார்மேல் மடத்துச் சமையல்கட்டில் இருந்த லாரன்ஸ் என்ற சகோதரரும் இதையேதான் சொன்னார். 1691ல் இறந்தவர். கோயிலில் முழங்காலில் இருப்பதற்கும் அடுப்படியில் பாத்திரங்களுக்கு நடுவே நிற்பதற்கும் அவருக்கு வித்தியாசம் இல்லாமல் போனதாம். ஆனால் அவரும் மடத்தில் மற்றவர்களோடு நேரம் தவறாமல் செபித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்தேகத்தோமா:
உங்கள் எல்லாருக்கும் எதிர்க்கட்சியாக ஒருவன் வேண்டும் அல்லவா. எனக்கு இந்தத் 'தனிப்பட்ட உறவு' என்ற பேச்சே ஒத்துக்கொள்ளவில்லை. பைபிளில் இந்தச் சொல் கிடையாது. அமெரிக்கக் கூட்டங்களில் பிறந்து கேசட் வழியாக இங்கே வந்தது.

எங்கள் வீட்டுக் கதை. தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் மூன்று நாள் உபவாசம் இருந்து, 'இதுதான் சித்தம் என்று கர்த்தர் உணர்த்தினார்' என்றார்கள். எங்கள் அம்மா அழுதுவிட்டார். மூன்று மாதம் கழித்து அதே கர்த்தர் அவர்களுக்கு வேறொரு இடத்தை உணர்த்தினார். அங்கே இருபது பவுன் கூடுதல். அன்றிலிருந்து யாராவது 'ஆண்டவர் என்னிடம் பேசினார்' என்றால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது. மாடியில் ஒருவன் தனியாகப் பேசி, பதிலையும் தனியாகவே கேட்டுக்கொண்டால், அது ஆண்டவர் குரலா சொந்த ஆசையா என்று யார் பார்ப்பது? எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்று யோவான் சும்மா எழுதவில்லை.

பனியன்பையன்:
அண்ணா, சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லையா? திரித்துவம் என்ற சொல்லும்தான் பைபிளில் இல்லை. 'நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்' என்று யோவான் 15ல் அவரே சொல்கிறார். சிநேகிதம் என்றால் தனிப்பட்டதுதானே.

டீச்சரம்மா_ஈரோடு:
தோமா தம்பி, தங்கைக்கு நடந்தது அநியாயம். ஆனால் அமெரிக்க இறக்குமதி என்பது தப்பு. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஜெர்மனியில் ஹாலே பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். வெறும் சடங்கு போதாது, இருதயம் மாற வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு. தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைக்கு அது முதல் கப்பலிலேயே வந்துவிட்டது.

ஆனால் பனியன் தம்பி உடனே கை தட்ட வேண்டாம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஸ்பெனர் 1675ல் என்ன எழுதினார்? நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து வேதம் வாசியுங்கள் என்றார். தனித்தனியாக மாடிக்குப் போகச் சொல்லவில்லை. அப்புறம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738 மே 24, லண்டனில் ஒரு சின்னக் கூட்டம், இருதயம் விசித்திரமாக அனலாயிற்று என்று எழுதி வைத்தாரே, அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். எழுதி வைத்ததைத்தான் தம்பி. அதுவும் மனசே இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குப் போனேன் என்று வெஸ்லியே சொல்கிறார்.

அவிநாசி_வாசகன்:
நான் கிறிஸ்தவன் இல்லை, படித்துக்கொண்டு போகிறவன். ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் ஊருக்குப் பக்கம் திருமுருகன்பூண்டி. சுந்தரருக்குத் 'தம்பிரான் தோழர்' என்று பெயர். அந்த வழியாக வந்தபோது அவர் பொருளையெல்லாம் வேடர்கள் பறித்துக்கொண்டார்கள். அவர் நேரே கோயிலுக்குப் போய், வழிப்பறி நடக்கிற இந்த ஊரில் நீர் எதற்கு இருக்கிறீர் என்று சாமியையே கேட்டுப் பதிகம் பாடினார். தோழன் என்றால் சண்டை போடவும் உரிமை உண்டு என்று எங்கள் ஆத்தா சொல்லும். உங்கள் ஜெபங்களில் சண்டைக்கு இடம் இருக்கிறதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

டீச்சரம்மா_ஈரோடு:
இருக்கிறதுங்க, நிறையவே. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதலும் சொல்லாமலே முடிந்துவிடும். இதையெல்லாம் நாமாகச் சொல்லத் துணிய மாட்டோம், மரியாதைக் குறைவு என்று விழுங்கிவிடுவோம். புத்தகம் சொல்ல வைக்கிறது. சிலுவையில் இயேசு 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கதறியதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவருக்கும் அந்த நேரத்தில் வாயில் வந்தது சின்ன வயதில் படித்ததாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பனியன்பையன்:
இந்தச் சிலுவைக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. சரி, எழுதி வைத்தது ஜெபமே இல்லை என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் நான் சும்மா வாயசைத்துக்கொண்டிருந்தது உண்மை. அதை இப்போதுதான் விட்டிருக்கிறேன். அதற்குள் திரும்பிப் போ என்கிறீர்கள்.

தறிச்சத்தம்:
தம்பி, கோபிக்காமல் ஒரு கேள்வி. இந்த ஆறு வாரத்தில் மாடியில் உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது அவர் சொன்னாரா?

எனக்கு ஒருமுறை சொன்னார். அப்போது இன்னொருவர் தறிக்கூடத்தில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மீட்டர் கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதும் வழக்கம். அங்கே எல்லாரும் எழுதுவார்கள். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அது உறுத்த ஆரம்பித்தது. நிறுத்தினேன், வாரக்கூலி குறைந்தது, வீட்டில் சண்டை. என் ஆசை பேசியிருந்தால் அப்படிப் பேசியிருக்காது. தோமா அண்ணன் சொன்ன சோதனைக்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

சந்தேகத்தோமா:
இது எனக்கே கொஞ்சம் செல்லும். இருபது பவுன் கூட்டிக் கொடுக்கிற குரலை நம்பாதே, கூலியைக் குறைக்கிற குரலைக் கவனி என்கிறீர்கள். சுத்தமான கணக்கு என்று சொல்ல மாட்டேன். தன்னைத் தானே வதைத்துக்கொள்கிறவர்களுக்கும் குரல் கேட்கும்.

பனியன்பையன்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தறிக்கார அண்ணன் கேள்வி தூங்க விடவில்லை.

பிடிக்காதது எதுவும் சொல்லவில்லை. ஆறு வாரமும் நான் பேசினேன், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொய்க் காரணம் எழுதிய அந்த மெயில் பற்றிக்கூட மாடியில் பேச்சு வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அப்பா விட்டுப்போன இடத்துப் பாகத்தில் அண்ணனுக்கும் எனக்கும் தகராறு. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவனும் அதே சர்ச்தான், மூன்றாவது வரிசை. திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் நான் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மாடியில் தூண் இல்லை, அண்ணனும் இல்லை. எனக்கு அங்கே சுகமாக இருந்ததற்கு அதுவும் காரணமா என்று இப்போது யோசிக்கிறேன். முழுக் காரணம் இல்லை. அந்தக் காலை நேரம் பொய் என்று இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டீச்சரம்மா_ஈரோடு:
பொய் இல்லைங்க. மாடியை விட வேண்டாம். நான் ஆரம்பத்தில் கொஞ்சம் அதட்டித்தான் எழுதிவிட்டேன். மனசு வைக்காமல் படிக்கிறவர்களை நாற்பது வருஷமாக நானும் பார்க்கிறேன், அதில் நானும் உண்டு.

பனியன்பையன்:
நேற்று ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. இதற்கு உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கம் டீச்சர்?

டீச்சரம்மா_ஈரோடு:
பக்கம் எதுவும் இல்லை. அண்ணனுக்கு என்ன வேலை?

பனியன்பையன்:
டையிங்கில், சாயப்பட்டறையில், சூப்பர்வைசர். இந்த வாரம் நைட்.

தறிச்சத்தம்:
அப்படியென்றால் மத்தியானம் 3 மணிக்கு மேல் பண்ணுங்க தம்பி. அதற்கு முன்னால் பண்ணினால் தூக்கம் கலைந்த கோபமும் சேர்ந்துகொள்ளும்.