கைதியைக் கொல்லப்போகும் நேரத்தில் மீட்புக் காட்சி: எப்படி நடத்துவது?

செம்மண்_ஜிஎம்:

வணக்கம். சிங்கப்பூர் ரெட்ஹில்லில் எங்கள் புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை இருக்கிறதே, அதில்தான் சனிக்கிழமைகளில் விளையாடுகிறோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நடிக்கும் மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, பாத்திரங்கள் எல்லாரும் ஐந்தாம் லெவல். ஜிஎம், அதாவது கதையை நடத்துபவன், நான். கதைக்களம் பழைய தெமாசெக், அதாவது அந்தக்காலச் சிங்கப்பூர். ஆட்டக்காரர்கள் ஐந்நூற்றுவர் என்ற பழந்தமிழ் வணிகக் குழுவின் கப்பலில் வந்திறங்கிய காவல்காரர்கள்.

அடுத்த வாரம் பெரிய காட்சி. கரையைத் தாக்கிய வாள்மீன்களை வாழைத்தண்டு வேலி போட்டுத் தடுக்கச் சொன்ன சிறுவனை, "இவன் வளர்ந்தால் உங்கள் அரியணைக்கே ஆபத்து" என்று அமைச்சர்கள் ஓத, ராஜா கொல்லச் சொல்லிவிடுகிறார். இங்கே வளர்ந்த யாருக்கும் தெரிந்த கதைதான். அவன் ரத்தம் ஓடித்தான் எங்கள் மலை சிவந்தது என்பார்கள். என் ஆட்டத்தில் அவனைக் கட்டி மலையுச்சிக்குக் கொண்டுபோகிறார்கள், விடிந்ததும் தண்டனை. ஆட்டக்காரர்கள் நினைத்தால் மீட்கலாம்.

இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்று தீர்மானிக்கும் பகடை) எப்போது போடுவது என்று தெரியவில்லை. அவர்கள் தோற்றால் சிறுவனை உண்மையிலேயே சாகவிடலாமா? முடிவு எல்லாருக்கும் தெரியும் என்பதால் "எப்படியும் செத்துவிடுவான்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்றும் கவலை.

டி20_தம்பி:

விதிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சிறுவனைச் சாதாரண ஊர்வாசியாக வைத்தால் 4 ஹெச்பி (உயிர்ப்புள்ளி). மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைக் குத்துவாளாக எடுத்தால் அடி ஒரு டி4 (நான்முகப் பகடை). பலத்துக்கான கூட்டலை விட்டுவிட்டால், நான்கு விழுந்தால்தான் ஒரே குத்தில் செத்தான். கட்டிப்போட்ட பையனை ராஜாவின் ஆள் நான்கு தடவை குத்திப் பார்க்கிறான் என்று மேசையில் வந்தால் காட்சி செத்தது. ஆகவே அந்தக் கடைசிச் செயலுக்குப் பகடையே வேண்டாம்.

அப்புறம் தூரம். ஒரு சுற்று 6 வினாடி. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 300 அடி என்று வைத்தால், சுற்றுக்கு 30 அடி வேகக்காரர் டாஷ் போட்டு (வேறெதுவும் செய்யாமல் இரட்டிப்புத் தூரம்) ஓடி 5 சுற்றில் போய்விடுவார், அதாவது அரை நிமிடம். ஏற்றத்தைக் கடினத் தரை ஆக்கினால் ஒரு நிமிடம். நீள்வில்லுக்கு 150 அடி வரை தடையில்லை, அதற்குமேல் 600 அடி வரை டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுக் குறைந்ததை எடுப்பது). இந்த எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

மல்லி_தெம்பனிஸ்:

செம்மண் தம்பி, இனிஷியேட்டிவை ஓரமாக வை. மரண தண்டனை என்பது சண்டை இல்லை, சடங்கு. சடங்குக்குப் படிகள் உண்டு, ஒவ்வொரு படியிலும் யாராவது குறுக்கே வரலாம். படிகள் என்னென்ன என்பதை நீ எழுதி வைத்துவிட்டால் காட்சியில் பாதி முடிந்தது.

மலாய் அரசுகளில் தண்டனைக்கென்றே நீளமான கிரிஸ் இருந்தது. கைதியை உட்காரவைத்து, தோள்பட்டைக் குழியில் பஞ்சை வைத்து, அதன் வழியாக மேலிருந்து கீழே இதயத்துக்கு இறக்குவார்கள். பிற்காலப் பதிவுகளில் வரும் முறை இது. உன் தெமாசெக்குக்குத் தாராளமாகப் பொருத்திக்கொள். இந்தப் பஞ்சு உனக்குப் பெரிய உதவி. ஆயுதத்தைக் காட்டவேண்டிய அவசியமே இல்லை. "அவர் மடியிலிருந்து பஞ்சை எடுத்து விரலால் உருட்டுகிறார்" என்று சொல்லிவிட்டு நிறுத்து. மேசையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் செய்வது இதுதான். பத்துக் காசு நாணயம் ஆறு எடுத்து மேசை நடுவில் வரிசையாக வைப்பேன். உன் காட்சிக்கு, ஆணையை உரக்கப் படிப்பது ஒன்று. கயிற்றோடு மலையேற்றுவது ஒன்று. கூட்டத்தை ஓரம்கட்டுவது, சிறுவனை உட்காரவைப்பது, "ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்பது, கடைசியாகப் பஞ்சு. ஒரு படி முடிந்தால் ஒரு காசைத் திருப்பிவைப்பேன். பிறகு எல்லாரையும் பார்த்து "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன், ஆளுக்கு ஒரு செயல். ஆறு வினாடிக் கணக்கு கைகலப்பு வெடித்த பிறகுதான். அப்போதும் இரண்டு சுற்றுக்கு ஒரு காசு திரும்பிக்கொண்டே இருக்கும். சண்டையில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே நேரத்தில் தோற்கலாம் என்று அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கும் முன்பே, கதைக்கு வெளியே வந்து நேராகச் சொல்: "ஆறாவது காசு திரும்பினால் பையன் சாவான். டெத் சேவ் (சாகும் தறுவாயில் பிழைக்கப் போடும் பகடை) கிடையாது, கடைசி நேரத்தில் நான் யாரையும் அனுப்பமாட்டேன்." சொன்னபடி நட. ஆபத்து நிஜம் என்று தெரிந்தால்தான் மீட்பு அவர்களுடையது ஆகும். நீ ரகசியமாகக் காப்பாற்றிவிட்டால் அது உன்னுடையது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இன்னொன்று. ஐந்தாம் லெவல் கிளெரிக் (தெய்வ மந்திரம் போடும் பாத்திரம்) இருந்தால் ரிவிவிஃபை என்ற, செத்தவரை எழுப்பும் மந்திரத்தைப் போடலாம். இறந்து ஒரு நிமிடத்துக்குள் தொடவேண்டும், 300 தங்கக்காசு பெறுமானமுள்ள வைரமும் வேண்டும். உடல் உறுப்பு போயிருந்தால் அந்த மந்திரம் அதைத் திருப்பித் தராது. தலையை வெட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும், கிரிஸ் என்றால் உடல் முழுதாக இருக்கும். ஆறாவது காசு திரும்பிய பிறகும் யாராவது வைரத்தோடு ஓடிவந்தால் தடுக்காதே. ராஜாவின் கண்முன் இறந்த பையன் மூச்சுவிட்டால் அங்கே என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்!

கேலாங்_கதைசொல்லி:

மல்லி அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். சிறுவனைச் சும்மா உட்காரவைக்காதீர்கள். கடல் மீனையே யோசித்துத் தடுத்தவன் அவன். "ஏதாவது சொல்ல வேண்டுமா" என்ற படியை அவனுக்கே கொடுங்கள். ஆட்டக்காரர்களில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். நன்றாகப் பேசினால் ஒரு காசு திரும்பாமல் நிற்கட்டும். சுற்றி நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் அவன் வேலியால் உயிர் பிழைத்தவர்கள், காவலர்களும்தான். ஈட்டி பிடித்த கை ஒன்றாவது தளரவேண்டும்.

தெரிந்த முடிவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மலை சிவந்தது என்பதுதான் கதை. செம்மண் மலை எப்படியும் சிவப்புத்தான். யார் ரத்தம் என்று கதை கட்டியது பிறகு வந்தவர்கள். ராஜா தன் முகத்தைக் காப்பாற்ற "கொன்றாயிற்று" என்று அறிவிக்கலாம், பையன் அதற்குள் பிந்தான் தீவுக்குப் போகும் படகில் இருக்கலாம். இந்த வாய்ப்பை முதல் காட்சியிலேயே ஒரு கிழவியின் வாயால் கசியவிடுங்கள். "ஊர் நம்புவது வேறு, நடந்தது வேறு" என்று அவள் சொன்னால் போதும், கையைக் கட்டிக்கொண்டு யாரும் உட்காரமாட்டார்கள்.

ஒன்று கேட்கவேண்டும். சாகப்போவது குழந்தை. மேசையில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்களா? தனியாகக் கேட்டீர்களா? எக்ஸ் கார்டு வைப்பது நல்லது. ஒரு அட்டையில் எக்ஸ் எழுதி நடுவில் வைத்துவிட்டால், யாருக்கு முடியவில்லையோ அவர் தொட்டதும் காட்சியைத் தாண்டிவிடலாம், காரணம் கேட்கக்கூடாது.

செம்மண்_ஜிஎம்:

மூவருக்கும் நன்றி. ஒருவருக்கு எட்டு வயதில் மகன் இருக்கிறான். இன்றே அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். "பையன் சாகட்டும் பிழைக்கட்டும், குத்துவதை மட்டும் வர்ணிக்காதே" என்றார். அப்படியென்றால் ஆறாவது காசு திரும்பியதும் காட்சியை அப்படியே வெட்டி, அடிவாரத்தில் காத்திருக்கும் அம்மாவிடம் போய்விடுகிறேன்.

காசு முறையை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், அக்கா. இரண்டு பேர் முதல் படியிலேயே ராஜாவிடம் போய் வாதாடப் பார்ப்பார்கள். பேசி ஜெயித்தால் மலைக்கே போகவேண்டாம் என்று ஆகிவிடாதா?

மல்லி_தெம்பனிஸ்:

ஆகட்டுமே. முதல் காசிலேயே ஜெயித்தால் அதுவும் அவர்கள் ஜெயித்ததுதான். ஆனால் ராஜாவை மாற்றும் வாதம் எது என்பதை முன்பே முடிவுசெய்து வை. பயந்து ஆணை போட்டவர் அவர், இரக்கத்தைக் கேட்டால் அசையமாட்டார். "இவனைக் கொன்றால் அடுத்த தடவை மீன் வரும்போது யோசனை சொல்ல யார் வாய் திறப்பார்கள்?" என்று யாராவது கேட்டால் ஒரு இன்சைட் செக் (எதிரே இருப்பவர் மனதைப் படிக்கப் போடும் பகடை) கொடு, அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரியட்டும். முழு மன்னிப்பு வேண்டாம், ஒரு காசைப் பின்னுக்குத் திருப்பு. எத்தனை மணிக்குத் தொடங்குகிறாய்? கடைசி ரயிலுக்கு முன்னால் ஆறு காசும் முடியவேண்டும் என்றால் மலையேற்றத்தை ஏழரைக்குள் ஆரம்பித்துவிடு.