விஜயகுமாரின் சமையலும் அது நமக்குத் திறந்த வழியும்

அன்புடைய உறவுகளுக்கு வணக்கம்.

நியூயார்க்கில் உள்ள ‘செம்ம’ உணவகத்தின் தலைமைச் சமையற்கலைஞர் விஜயகுமார், 2025 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த, அமெரிக்கச் சமையல் துறையின் உயரிய விருதான ஜேம்ஸ் பியர்டு விருது விழாவில் வேட்டியுடன் மேடையேறி, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞருக்கான விருதைப் பெற்றார். அந்த வேட்டியைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. அவருடைய சமையலைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை என்பதே என் எண்ணம்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியைச் சேர்ந்த அவர், பொறியியல் படிக்க வீட்டில் வசதி இல்லாததால் சமையற்கலைப் படிப்பில் சேர்ந்தார். சென்னையில் நட்சத்திர விடுதியிலும் பின்னர் பயணக் கப்பலிலும் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாவின் பர்லிங்கேம் நகரில் அவர் தலைமை ஏற்றிருந்த ‘ரசா’ உணவகம், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. உணவகத் தொழில்முனைவோர் ரோனி மஜும்தார், சமையற்கலைஞர் சிந்தன் பாண்டியா இருவருடனும் சேர்ந்து 2021இல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் தொடங்கிய ‘செம்ம’வுக்கு மறு ஆண்டே நட்சத்திரம் கிடைத்தது.

விருதுகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அங்கே பரிமாறப்படும் நத்தைப் பிரட்டல்தான். வயலில் பொறுக்கிய நத்தையைச் சமைத்துச் சாப்பிடுவதைப் பள்ளியில் சொல்லக் கூச்சப்பட்ட சிறுவனாக அவர் வளர்ந்தார். சமையற்கலை பயிலும்போதுதான் அதே நத்தையைப் பிரெஞ்சுக்காரர்கள் உயர்ந்த விருந்தாகக் கொண்டாடுவதை அறிந்தார். அறிந்த பிறகும் அதை வெண்ணெயும் பூண்டும் சேர்த்துப் பிரெஞ்சு முறைக்கு மாற்றிவிடாமல், வெங்காயம், தக்காளி, புளி சேர்த்து நம் முறையிலேயே பிரட்டிக் கல்தோசையுடன் வைத்தார். இந்த முடிவில்தான் அவருடைய துணிவு இருக்கிறது.

வெளிநாடுகளில் இந்திய உணவு என்றால் ‘நான்’ ரொட்டியும் வெண்ணெய்க் கோழியும், தென்னிந்திய உணவு என்றால் இட்லியும் தோசையும் என்றே பெரும்பாலும் நிலைத்திருந்தது. உயர்தர உணவகங்களோ நம் மசாலாவை ஐரோப்பியத் தட்டுகளுக்கு ஏற்ப அடக்கியே பயன்படுத்தின. கிராமத்து அசைவச் சமையலுக்கு, அதிலும் குடலுக்கும் நத்தைக்கும், அந்த மேசைகளில் இடமே இருக்கவில்லை. ‘செம்ம’வில் குடல் வறுவல், ஆட்டுக்கறிச் சுக்கா, சீரகச் சம்பாவில் செய்த திண்டுக்கல் பிரியாணி ஆகியவை அவற்றின் பெயரோடும் காரத்தோடும் பரிமாறப்பட்டன. அப்படிச் சமைத்த உணவகத்தைத்தான் நியூயார்க் டைம்ஸ் 2025இல் அந்நகரின் 100 சிறந்த உணவகங்களில் முதலிடத்தில் வைத்தது. இனி வேறொரு தமிழர் கொங்குச் சமையலையோ நாஞ்சில் நாட்டுச் சமையலையோ முன்வைத்து முதலீடு கேட்கும்போது, காரத்தைக் குறைத்தால்தான் விற்கும் என்று அவரிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

அங்கே சாப்பிட ஆகும் செலவு பலருக்கும் எட்டாதது என்ற குறை நியாயமானதே. ஆயினும் பிரெஞ்சு, ஜப்பானியச் சமையலுக்கு அந்த விலையைத் தயங்காமல் கொடுப்பவர்கள் நம் உணவு மட்டும் மலிவாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

நம் குடும்பங்களில் கேட்டரிங் படிப்பை இன்றும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசி வாய்ப்பாகவே கருதுகிறோம். அந்த வேலையில் நீண்ட நேரம் நிற்க வேண்டும், பண்டிகை நாளிலும் விடுப்புக் கிடைக்காது, தொடக்கத்தில் சம்பளமும் குறைவு. இவற்றை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகும் ஒரு பிள்ளை அடுப்படியை விரும்பி வந்தால், வேறு படிப்பைக் காட்டித் தடுக்காமல் சேர்த்துவிடுங்கள் என்று பெற்றோர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.