எபிக் 9354-ஆ, ஜியான் 6430-ஆ? சோதனையில் தலைகீழாக வருகிறது, உதவவும்

நிலவன்88:
அவசரம். இந்த வாரத்துக்குள் ஆர்டர் போட வேண்டும். டேட்டாபேஸ் சர்வருக்கு இரண்டில் ஒன்று: ஏஎம்டி எபிக் 9354 அல்லது இன்டெல் ஜியான் கோல்டு 6430. இரண்டுமே 32 கோர். விவரப் பட்டியலைப் பார்த்தால் எபிக்தான் ஜெயிக்க வேண்டும். அடிப்படை கிளாக் 3.25 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 256 எம்பி. ஜியானுக்கு 2.1, 60 எம்பி. சப்ளையர் இரண்டு மெஷினையும் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். எங்கள் க்வெரிகளை ஓட்டினால் ஜியான் தெளிவாக முந்துகிறது. எபிக்கில் கோளாறா, இல்லை இந்த வேலைக்கே அது சரிவராதா? எதை வாங்குவது?

இரவுஷிஃப்ட்:
என்ன டேட்டாபேஸ்? ஒரு சாக்கெட்டா (பிராசசர் பொருத்தும் இடம்), இரண்டா? ஓஎஸ் என்ன? ரேம் எவ்வளவு? டிஸ்க் இரண்டிலும் ஒன்றேதானா?

சில்லுப்பிரியன்:
பவர் செட்டிங்தான். பயாஸில் மின்சிக்கனம் போட்டு வந்திருக்கும். லினக்ஸ் என்றால் கவர்னரை (கிளாக்கை ஏற்றி இறக்கும் அமைப்பு) 'பர்ஃபார்மன்ஸ்' ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டர்போஸ்டாட் கருவியைப் போட்டுப் பார்த்தால் கிளாக் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். 9354 வேலை நேரத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் அதுதான் காரணம்.

மூத்தநிர்வாகி:
"எங்கள் க்வெரிகள்" என்றால் யாருக்கு என்ன புரியும்? பத்து வரி எழுதியிருக்கிறீர்கள், தேவையான விவரம் ஒன்றுகூட இல்லை. பிராசசரை மட்டும் ஒப்பிட முடியாது, மெஷினைத்தான் ஒப்பிட முடியும். இதைத் தெரிந்துகொண்டு ஆர்டர் போடுங்கள். மெமரி, டிஸ்க், பயாஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு எல்லாம் எழுதிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

நிலவன்88:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. ஒரு சாக்கெட். இரண்டிலும் உபுண்டு, ஒரே மாடல் என்விஎம்இ டிஸ்க். ரேம் இரண்டிலும் சமம், 128 ஜிபி. கவர்னர் மாற்றிப் பார்த்தேன், கிளாக் 3.5-க்கு மேலேதான் ஓடுகிறது, முடிவு மாறவில்லை.

அடுக்குச்சில்லு:
அப்படியானால் நியூமா, அதாவது மெமரியின் ஒரு பகுதி சில கோர்களுக்கு அருகிலும் மற்றவற்றுக்குத் தொலைவிலும் இருப்பது. 9354-இல் 8 சிப்லெட் (உள்ளே இருக்கும் தனித்தனிச் சிறு சில்லுகள்), ஒவ்வொன்றிலும் 4 கோர், 32 எம்பி எல்3. 256 எம்பி என்று ஒரே குளமாக நினைக்கக் கூடாது. ஒரு த்ரெட் பக்கத்துச் சிப்லெட்டின் கேச்சில் இருக்கும் தரவைக் கேட்டால் இணைப்புச் சில்லான ஐஓ டை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். பயாஸில் என்பிஎஸ்4 போடுங்கள், சாக்கெட் நான்கு நியூமா பகுதியாகப் பிரியும். எபிக்கில் டேட்டாபேஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

அகல்யா_டிபிஏ:
என்பிஎஸ்4 எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. ஒரே பெரிய ப்ராசஸ் முழு மெமரியையும் தொடும் டேட்டாபேஸில் பல சமயம் பிரிக்காமல் விடும் என்பிஎஸ்1-தான் நல்லது. நிலவன், இன்னும் டேட்டாபேஸ் பெயரைச் சொல்லவில்லை. சின்னச் சின்ன பரிவர்த்தனைகளா, இல்லை பெரிய அட்டவணையை முழுக்க வாசித்துக் கூட்டும் அறிக்கைகளா? இரண்டுக்கும் பதில் வேறு.

நிலவன்88:
கிளிக்ஹவுஸ். முழுக்க அறிக்கைகள்தான். டேட்டா ரேமுக்குள்ளேயே அடங்கிவிடும், அதனால் டிஸ்க் பிரச்சினை இல்லை.

அகல்யா_டிபிஏ:
அப்படியென்றால் மெமரி பேண்ட்வித்தான் (நொடிக்கு எவ்வளவு தரவு வரும் என்பது) எல்லாம். 128 ஜிபி எத்தனை டிம்மாக (ரேம் பலகை) இருக்கிறது? மெமரிக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை ஜியானில் 8, எபிக்கில் 12 சேனல். ஒவ்வொரு சேனலிலும் ஒரு டிம்மாவது இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். மொத்த ஜிபி சமமாக இருப்பதால் பயனில்லை.

ஓப்பன்_சோர்ஸ்_குமரன்:
பிராசசர் பற்றிக் கவலைப்படும் முன் லைசென்ஸைப் பாருங்கள். கோர் கணக்கில் காசு வாங்கும் டேட்டாபேஸ் என்றால் 32 கோர் எதுவுமே தப்பு. 9174எஃப் பாருங்கள்: 16 கோர், அடிப்படையே 4.1 கிகாஹெர்ட்ஸ், கேச் அதே 256 எம்பி. லைசென்ஸ் பாதியாகிவிடும்.

சில்லுப்பிரியன்:
அது 320 வாட். 9354 280 வாட், 6430 270 வாட். ரேக்கில் குளிரூட்டல் இருக்கிறதா என்று கேட்காமல் எஃப் மாடலைச் சொல்லாதீர்கள்.

ஓப்பன்_சோர்ஸ்_குமரன்:
40, 50 வாட் வித்தியாசத்துக்காக கூடுதலாக 16 கோருக்கு லைசென்ஸ் கட்டச் சொல்கிறீர்களா? ஐந்து வருஷக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூத்தநிர்வாகி:
அவர் கிளிக்ஹவுஸ் ஓட்டுகிறார். அது அபாச்சி லைசென்ஸ், கோர் கணக்கே கிடையாது. மேலே இருப்பதைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் வேண்டும்.

ஓப்பன்_சோர்ஸ்_குமரன்:
சரி, அவருக்குப் பொருந்தாது. ஆனால் இழையைப் படிக்கிற எல்லோரும் கிளிக்ஹவுஸ் ஓட்டவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் ஓட்டுபவருக்கு இதுதான் முதல் கேள்வி.

வெக்டர்வேலன்:
யாரும் ஏஎம்எக்ஸ் பற்றிப் பேசவில்லையே. 6430-இல் மேட்ரிக்ஸ் கணக்குக்குத் தனி யூனிட் உண்டு, 9354 இருக்கும் எபிக் 9004 வரிசையில் இல்லை. ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே ஆணையில் கணக்கிடும் வெக்டர் வசதி) இரண்டிலும் இருந்தாலும் எபிக்கின் ஜென் 4 கோர் அதை 256 பிட் பாதையில் இரண்டு தடவையாக ஓட்டுகிறது. ஜியான் முந்துவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அகல்யா_டிபிஏ:
ஏஎம்எக்ஸ் நரம்பியல் வலைக் கணக்குக்கு, பிஎஃப்16, இன்ட்8 என்ற சிறிய எண்வகைகளுக்கு. எண்களைக் கூட்டும் அறிக்கைக்கு அதில் வேலை இல்லை. மெமரியிலிருந்து தரவு வருவதற்கே கோர்கள் காத்திருந்தால் வெக்டர் அகலமும் உதவாது.

நிலவன்88:
டிஎம்ஐடிகோட் (வன்பொருள் விவரம் காட்டும் கட்டளை) போட்டேன். ஜியான்: 16 ஜிபி × 8. எபிக்: 64 ஜிபி × 2, மீதி ஸ்லாட் எல்லாம் காலி என்று வருகிறது. சப்ளையர் அப்படியே அனுப்பியிருக்கிறார். இவ்வளவு வித்தியாசம் வருமா?

அகல்யா_டிபிஏ:
வரும். கணக்கு எளிது. எபிக்கின் டிடிஆர்5-4800 மெமரியில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 38.4 ஜிபி. இரண்டு டிம் என்றால் 76.8. உங்கள் ஜியானில் மெமரி 4400 வேகம், சேனலுக்கு 35.2, எட்டுக்கு 281.6. அதாவது எபிக்குக்கு ஜியானைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் குறைவான பேண்ட்வித் கொடுத்துச் சோதித்திருக்கிறீர்கள். 12 சேனலும் நிரம்பினால் எபிக் 460.8. பன்னிரண்டு வாசல் உள்ள மண்டபத்தில் இரண்டை மட்டும் திறந்துவைத்துக் கூட்டம் நகரவில்லை என்று மண்டபத்தைக் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, ஸ்ட்ரீம் என்ற மெமரி வேகச் சோதனையை ஓட்டினால் இதைவிடக் குறைவாகத்தான் வரும். விகிதம் பெரிதாக மாறாது.

அடுக்குச்சில்லு:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் டிம் நிரப்பிய பிறகு என்பிஎஸ்4 கட்டாயம் முயன்று பாருங்கள்.

அகல்யா_டிபிஏ:
நிரப்பிய பிறகு என்றால் சரி. இரண்டு டிம்மோடு போட்டால் நான்கில் இரண்டு பகுதிக்காவது சொந்த ரேமே இருக்காது.

இரவுஷிஃப்ட்:
மதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 6430 பட்டியல் விலையில் குறைவு. ஆனால் ஒரு சாக்கெட்தான் என்றால் 9354 வேண்டாம், 9354பி கேளுங்கள். சில்லு அதேதான், இரண்டு சாக்கெட் போர்டில் ஜோடியாகப் போட முடியாது, விலை குறைவு. என்விஎம்இ நிறையப் போடுவீர்கள் என்றால் பிசிஐஇ 5 லேன் (டிரைவ், கார்டு இணைக்கும் பாதை) எபிக்கில் 128, ஜியானில் 80. ஒரு டிரைவுக்கு 4 லேன். போர்டு ஆதரித்தால் பின்னாளில் பயாஸ் புதுப்பித்து அடுத்த தலைமுறையான 9005 வரிசைச் சில்லும் போடலாம்.

இன்னொன்று, பழைய சர்வர்கள் எல்லாம் இன்டெல்லா? விர்ச்சுவல் மெஷின்களை ஓடும்போதே நகர்த்தும் பழக்கம் இருந்தால் இன்டெல், ஏஎம்டி இடையே அது நடக்காது, நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

மூத்தநிர்வாகி:
முதல் பதிவிலேயே டிம் எண்ணிக்கை இருந்திருந்தால் இரண்டு பதிலில் முடிந்திருக்கும்.

நிலவன்88:
சப்ளையரிடம் சொல்லி 16 ஜிபி × 12 போட்டாச்சு. அதே க்வெரிகள், இப்போது எபிக் முன்னால் போகிறது, நல்ல இடைவெளி. விஎம் எதுவும் இல்லை. 9354பி ஆர்டர் போடுகிறோம். அகல்யா அவர்களுக்கும் எல்லோருக்கும் நன்றி.

அடுக்குச்சில்லு:
என்பிஎஸ் எதில் வைத்து ஓட்டினீர்கள்? 1-ஆ, 4-ஆ?

வெக்டர்வேலன்:
ஜியானிலும் ரேம் 128-தானே, எபிக்கில் இப்போது 192. டேட்டா இரண்டிலும் ரேமுக்குள் அடங்கியதா என்று மட்டும் சொல்லுங்கள்.