ஐப்பசியில் ஊர்ச் சாப்பாடு: மல்லாட்டை (வேர்க்கடலை), கேழ்வரகு வைத்து என்ன செய்யலாம்?

அணைக்கட்டுப் பையன்:

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம், மலையடிவாரம். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மற்றதெல்லாம் மானாவாரிக் கொல்லை. ஆடியில் போட்ட மல்லாட்டை இந்த வருஷம் நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, கேழ்வரகும் கதிர் வாங்கி நிற்கிறது. ஓசூர், ஓரகடம், பெங்களூர் என்று வேலைக்குப் போன பசங்க எல்லாரும் தீபாவளிக்கு வருவார்கள். வழக்கமாக ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு ஃபிளெக்ஸ், ஒரு அண்டா பிரியாணி, ராத்திரி பாட்டு என்று முடிந்துவிடும். இந்த முறை நம் கொல்லையில் விளைந்ததை வைத்தே ஊருக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு பேச்சு. பெரியவர்கள், "அறுவடைக்குத்தான் பொங்கல் இருக்கே, இது என்ன புதுசா?" என்கிறார்கள். பசங்க, "களி போட்டா எவன்டா வருவான்" என்கிறார்கள். என் அம்மா, "செடியிலேர்ந்து காய் ஆய ஆள் கிடைக்காம நானே குந்திக்கினு கிடக்கேன், இதுல ஊருக்கு வேற சமைக்கணுமா?" என்று கேட்டார். அம்மா கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

எந்த நாளில் வைப்பது, என்ன சமைப்பது, வீட்டுப் பெண்கள் தலையில் பாரத்தை ஏற்றாமல் எப்படி நடத்துவது? ராகி நூடுல்ஸ், சிறுதானிய பீட்சா மாதிரி எதுவும் சொல்லாதீர்கள். நம் வடாற்காட்டுப் பக்கம் இந்த மாதங்களில் உண்மையிலேயே சாப்பிட்டது எது என்று தெரிய வேண்டும்.

ஏரிக்கோடி:

பொங்கல் இருக்கே என்பது நஞ்சைக்காரன் பேச்சு தம்பி. சம்பா அறுத்துப் புது அரிசி பானைக்கு வருவது தையில், அதனால் அந்தப் பண்டிகை அங்கே. மல்லாட்டை தை வரைக்கும் காத்திருக்குமா? நூறு, நூற்றைந்து நாள் பயிர். ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குள் பிடுங்கியாக வேண்டும். முற்றிய பிறகு விட்டு வைத்து மழையும் பிடித்துக்கொண்டால், கொத்து ரகமெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும். அந்த அவசரத்தில் நாள் பார்த்துக் கோலம் போட யாருக்கு நேரம் இருந்திருக்கும், அதனால்தான் கொல்லை அறுவடைக்கென்று தனிப் பண்டிகை அமையவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் கொண்டாட்டம் இல்லாமல் இல்லை. பிடுங்குகிற அன்றைக்கே வரப்பில் சருகைக் கூட்டிக் கொளுத்தி, செடியோடு போட்டுச் சுட்டுக் கை வாயெல்லாம் கரியாகத் தின்போம் பார், அதை விடவா ஒரு விருந்து? களத்தில் குவித்த காய்க்குக் கற்பூரம் காட்டி, முதல் படியைக் கோயிலுக்கு எடுத்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

நாள் விஷயம். புரட்டாசி வேண்டாம், சனிக்கிழமை தளிகை போடுகிற வீடுகள் மாதம் முழுக்கக் கவிச்சி தொடாது, ஆயுத பூஜை வேறு வந்துவிடும். தீபாவளி அமாவாசைக்கு நம் பக்கம் கேதார கௌரி நோன்பு. 21 அதிரசம் சுட்டுக் கோயிலுக்கு எடுத்துப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வருகிற வேலை ஒவ்வொரு நோன்பு வீட்டிலும் இருக்கும், அன்றைக்கும் ஆகாது. அதற்கு மறுநாளே வைத்துவிடு, அதற்கு மேல் தள்ளினால் பசங்க பஸ் ஏறிவிடுவார்கள். ஒன்று மட்டும் கவனி: அதே நாள்தான் சஷ்டி விரதம் ஆரம்பம். வள்ளிமலை, ரத்தினகிரி என்று முருகனுக்கு இருப்பவர்கள் சூரசம்ஹாரம் வரைக்கும் விரதத்தில்தான் இருப்பார்கள். அதனால் பந்தி சைவமாக இருக்கட்டும். கருவாடு வேண்டுமென்றால் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தள்ளி ஒரு ஓரம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த நாள் ஒன்று உண்டு, ஆனால் அதை யாரும் முன்கூட்டிக் குறிக்க முடியாது. ஏரி கோடி போகிற நாள், அதாவது நிரம்பித் தண்ணீர் வழிகிற நாள். 2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியபோது எத்தனையோ வருஷம் காய்ந்து கிடந்த ஏரிகளெல்லாம் கோடி போயின. தண்ணீரில் மஞ்சள் குங்குமம் பூ போட்டு, கிடா வெட்டி, கோடியில் துள்ளுகிற மீனைப் பிள்ளைகள் வேட்டியை விரித்துப் பிடித்து, அதற்கு அழைப்பிதழும் கிடையாது வசூலும் கிடையாது. உங்கள் ஏரி இந்த வருஷம் நிரம்பினால் எல்லாத் திட்டத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கு வை.

ஆம்பூர்க்காரன்:

களி போட்டால் எவன் வருவான் என்று கேட்ட பசங்களுக்கு: எங்கள் ஊர் பிரியாணிக்கே தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வேண்டியிருக்கிறது, அந்தக் கத்திரிக்காய் விளைவது உங்கள் பக்கம். அண்டா பிரியாணியை வருஷத்தில் எந்த நாளும் சாப்பிடலாம், பச்சை மல்லாட்டைக் குழம்பை ஐப்பசி தாண்டினால் எங்கே போய்த் தேடுவது? (பிரியாணி போட்டாலும் வருவேன், அது வேறு கதை.)

களிக்கோல்:

சமையல் பற்றி நான் சொல்கிறேன், கூட்டத்துக்குக் கிளறிப் பழக்கம் உண்டு.

களியை மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே அண்டாவில் கிளறலாம் என்று நினைக்காதே தம்பி. முதலில் அரிசி நொய்யைக் குழைய வேக வைக்க வேண்டும், அதன் மேல் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி, மாவு வெந்து வாசனை வந்த பிறகுதான் கோலைப் போட வேண்டும். அண்டா பெரிதாகப் பெரிதாகக் கட்டி விழும், அடி பிடிக்கும், கிளறுகிறவர் தோள்பட்டை போய்விடும். நடுத்தரப் பாத்திரம் மூன்று வைத்து மாற்றி மாற்றிக் கிளறுங்கள், சுடச்சுட உருண்டை பிடித்து நேராக இலைக்குப் போக வேண்டும். ஆறிய களியைப் போட்டால் பசங்க சொன்னது உண்மையாகிவிடும். கிளறுகிற வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும், ஜிம்முக்குப் போகிற பையன்கள் ஊரில் இல்லாமலா போய்விட்டார்கள்?

தொட்டுக்கொள்ளப் புளிச்சக்கீரைக் கடையல். கீரையோடு பச்சை மிளகாய், வெங்காயம் வேக வைத்து, மண் சட்டியில் மத்தால் கடைந்து, மல்லாட்டை எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுத் தாளித்தால் போதும், பருப்புகூட வேண்டாம். இன்னொன்று பச்சை மல்லாட்டைக் குழம்பு. அன்றைக்குப் பிடுங்கிய காயை உரித்துப் பருப்பை முதலில் வேக வைத்துக்கொண்டு, கத்திரிக்காயோடு புளிக்குழம்பில் போட வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்போது வேறு எதையும் வாங்காதே. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, காம்பில் முள் குத்தும், ஆனால் குழம்பில் கரைந்து போகாமல் எண்ணெய் குடித்துக்கொண்டு நிற்கும். கருவாட்டு அடுப்பு தனியாக வைப்பதானால் இதே குழம்பில் நெத்திலிக் கருவாடு சேர்த்துக்கொள்ளலாம், களிக்கு அதுதான் சரியான ஜோடி என்பது என் கட்சி.

இனிப்புக்குச் சிமிலி. கேழ்வரகு மாவில் லேசாக உப்புப் போட்டு அடை தட்டிச் சுட்டு, ஆறினதும் பிய்த்து, வறுத்துத் தோல் புடைத்த மல்லாட்டையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிப்பது. மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும், இடித்தால்தான் அங்கங்கே பருப்பு பல்லில் மாட்டும். முந்தின நாளே செய்து வைக்கலாம், கெடாது. நோன்பு அதிரசம் எல்லா வீட்டிலும் மிச்சம் இருக்கும், வீட்டுக்கு இரண்டு கொண்டுவரச் சொன்னால் இனிப்பு வேலை பாதி குறைந்தது. அவித்த மல்லாட்டையைப் பந்திக்கு முன்னாலேயே முறத்தில் கொட்டி வைத்துவிடு, சாப்பாடு தாமதமானாலும் யாரும் சத்தம் போட மாட்டார்கள். அவிக்க ஈரக்காய்தான் வேண்டும். காய்ந்த காயை ஊற வைத்து அவித்தால் அந்தப் பால் ருசி வராது.

அப்புறம், அம்மா கேட்டதற்குப் பதில். சமைக்க வருகிற பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடு. காய் ஆயப் போனால் கிடைக்கிற கூலி எவ்வளவோ அதற்குக் குறையக் கூடாது. ஃபிளெக்ஸ் காசு மிச்சம்தானே?

மலைமேல்:

நான் ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம். கீழே மல்லாட்டை என்றால் மேலே எங்களுக்குச் சாமை. களி பிடிக்காதவர்களுக்குச் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் வையுங்கள். சாமையில் கல் நன்றாக அரிக்க வேண்டும், அதைத் தவிர கஷ்டம் இல்லை, அரிசியை விடச் சீக்கிரம் வெந்துவிடும்.

ஆனால் ஒரு வேண்டுகோள், பாக்கெட் சாமை வாங்காதீர்கள். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊரெல்லாம் சாமை, தினை என்று பேசினார்கள், கடையில் விலையும் ஏறியது. மலையில் சாமை போடுகிறவன் தோலோடுதான் விற்கிறான், தோல் நீக்கி அரிசியாக்குகிற இடத்தில்தான் காசு இருக்கிறது, அது எங்கள் கைக்கு வருவதில்லை. இன்னும் உரலில் குத்துகிற வீடுகள் மலையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர்ச் சந்தைக்கு எங்கள் ஆட்கள் ஆடு ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள், முந்தின வாரமே சொல்லி வைத்தால் குத்திய அரிசியாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். ரகம் மாற்றிப் போட விரும்புகிறவர்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தலில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழகச் சிறுதானிய மையத்தில் விசாரிக்கலாம், ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

சீத்தாப்பழம் மலையில் இப்போதுதான் கடைசி. கூடையோடு கேளுங்கள். மழை விட்ட ராத்திரி ஈசல் கிளம்பினால் அதையும் வறுத்துப் பொரியில் கலந்து தருகிறோம், பெங்களூர் பசங்க ஓடாமல் இருந்தால் சரி.

மூட்டைக்கணக்கு:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அறுவடை நேரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக வரும், விலை இறங்கும். போன வருஷம் எங்கள் கொல்லைக்கே வந்து வாங்கிய ஒரு வியாபாரி, ஈரம் என்று சொல்லி எடையில் கழித்தார், பிறகு சுருக்குக் காய் என்று இன்னொரு கழிவு. விதை, பிடுங்குகிற கூலி, ஆய்கிற கூலி போக என்ன மிஞ்சியது என்று மனைவியிடம் சொல்லவே இல்லை. அந்த மனநிலையில் இருக்கிறவனிடம் போய்க் கொண்டாடலாம் வா என்றால் சிரிப்புத்தான் வரும்.

அதனால் சாப்பாடு போடுவதென்றால் அதே இடத்தில் ஒரு தராசு வையுங்கள். தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது ஆளுக்கு நாலு படி காயும் வருஷத்துக்கு வேண்டிய கேழ்வரகும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகட்டும், பெங்களூர்க் கடையில் கொடுக்கிற விலையில் பாதி கொடுத்தாலே இங்கே அது பெரிய விலை. செக்கில் ஆட்டிய எண்ணெயும் வைக்கலாம்.

விற்கிற காய் காய்ந்ததாக இருக்க வேண்டும், இதில் விளையாடாதீர்கள். மழை நாளில் பிடுங்கிய செடியைக் குவித்துப் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். காய் மேலே பார்க்கச் செடியைத் தலைகீழாகப் பரப்பி வெயில் காட்டி, ஆய்ந்த பிறகும் களத்தில் காய வைத்து, குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். கறுத்த பருப்பு, பச்சை படிந்த பருப்பு, சுருங்கியது எதையும் சமையலுக்கும் செக்குக்கும் விடாதீர்கள். அந்தப் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும்.

அணைக்கட்டுப் பையன்:

தராசு யோசனையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இதுவரை வாயே திறக்காதவர், "அது சரி, எடைக்கல்லு யாருது?" என்று கேட்டார், ஆக ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

இப்போதைக்கு முடிவு: நோன்புக்கு மறுநாள் மதியம், மாரியம்மன் கோயில் முன்னால், மழை வந்தால் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம். களி, கடையல், பச்சை மல்லாட்டைக் குழம்பு, சாமைச் சோறு, சிமிலி. கருவாடு தனி அடுப்பு. சமைக்கிற அக்காக்களுக்குக் கூலி முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம், கிளறுவதற்குப் பசங்க பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர்களில் யாரும் இதுவரை களிக்கோலைத் தொட்டதில்லை. ஃபிளெக்ஸ் கிடையாது என்றதும் இரண்டு பேர் விலகிவிட்டார்கள், போகட்டும்.

ஒரே ஒரு சந்தேகம் களிக்கோல் அக்கா, கேழ்வரகு அறுப்பு எங்களுக்குக் கார்த்திகையில்தான் முடியும் போல. புது மாவு இருக்காது. பழைய கேழ்வரகு பரவாயில்லையா?

களிக்கோல்:

பழையதுதான் நல்லது. புதுக் கேழ்வரகில் களி பசை மாதிரி ஒட்டும், கொஞ்ச நாள் கிடந்த தானியத்தில்தான் உருண்டை நிற்கும். அரைக்க மட்டும் முந்தின வாரம் போ, தீபாவளி சமயத்தில் மெஷினில் அதிரச மாவுக்கு நிற்கிற வரிசையில் உனக்கு இடம் கிடைக்காது. அரிசி மாவு அரைத்த கையோடு கேழ்வரகு போடவும் மாட்டார்கள்.

ஏரிக்கோடி:

பையன்கள் முதல் தடவை கிளறப் போகிறார்களா? ஒரு பாத்திரம் அதிகமாக வைத்துக்கொள். எங்கள் வீட்டில் இரண்டு கால் மிதித்துக் கிளறுகிற கவைக்கோல் கிடக்கிறது, வேண்டுமானால் ஆள் அனுப்பு.