ஃப்ளூவைத் தடுப்பது மாணவர் வேலையா?

கரும்பலகை:
ஃப்ளூ பருவம் என்பதால் எங்கள் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு மாணவர்களைச் சுகாதாரத் தூதர்களாக நியமித்திருக்கிறோம். மேசை துடைப்பது, கை கழுவ அழைத்துப் போவது, முழங்கை மடிப்பில் தும்மச் சொல்வது அவர்கள் பொறுப்பு. ஆசிரியர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிற பிள்ளை, பக்கத்தில் இருக்கும் நண்பன் சொன்னால் செய்கிறது.

வெயில்மழை:
நிர்வாகத்தின் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள். குழாயடியில் சோப்பு இருக்கிறதா? ஜன்னல்கள் திறக்கின்றனவா? அறிகுறி தெரிய ஒரு நாள் முன்பே ஃப்ளூ பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். எந்தத் தூதர் அதைக் கண்டுபிடிப்பார்?

கரும்பலகை:
யாரிடம் கிருமி இருக்கிறது என்று தெரியாது என்பதால்தான் எல்லோருக்கும் பழக்கம் வேண்டும் என்கிறேன். சோப்பு இருக்கிறது ஐயா. இடைவேளையில் குழாயடிக்கு வந்து பாருங்கள்: விரல் நுனியை நனைத்து, உடையில் துடைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கட்டைவிரலிலும் விரலிடுக்கிலும் நுரையே படுவதில்லை. 20 விநாடி தேய்க்க வேண்டும். தூதர் பக்கத்தில் நின்று எண்ணினால் தேய்க்கிறார்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வகுப்பிலும் தூதர் உண்டு. தூசி ஒவ்வாமையால் தும்முகிற ஒருவனை 'கிருமி' என்றே கூப்பிடுகிறார்கள். அதைத் தொடங்கி வைத்தவரே தூதர்தான். இன்னொன்று: முழு வருகைக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அதற்காகவே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். பத்து மணிக்குச் சிரிப்பார்கள், மதியம் மேசையில் கவிழ்ந்து கிடப்பார்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:
தம்பி சொல்வது சரி. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் விட்டிருந்தால்தான் அனுப்ப வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் விடுப்பு கிடைக்காத பெற்றோர் என்ன செய்வார்கள்? தேர்வு வேறு.

வெயில்மழை:
இதைத்தான் சொல்கிறேன். ஜப்பானில் 1962 முதல் 1987 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். அந்த ஆண்டுகளில் முதியோர் மரணம் குறைந்ததாக 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தடுப்பு என்றால் அது. பட்டை குத்திய தூதர் அல்ல.

கரும்பலகை:
பிள்ளைகளால் வீட்டுப் பெரியவர்களையே காக்க முடியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே!

வெயில்மழை:
பிள்ளைகள் கையை நீட்டினார்கள், அவ்வளவுதான். ஊசியும் பணமும் ஏற்பாடும் பெரியவர்களுடையவை.

மூன்றாம் பெஞ்ச்:
விடுப்பில் இருப்பவர்களுக்கு நான் பாடக்குறிப்பு எழுதி அனுப்புகிறேன். பாடம் போய்விடுமே என்ற பயம் இல்லையென்றால் பலர் வீட்டிலேயே படுத்திருப்பார்கள். மேசை துடைப்பதற்குப் பதில் தூதருக்கு இந்த வேலையைக் கொடுக்கலாமே?

கரும்பலகை:
கொடுக்கலாம். 'கிருமி' விஷயத்தையும் சேர்த்து ஆசிரியர் கூட்டத்தில் பேசுகிறேன். மேசை துடைப்பதை மட்டும் நிறுத்த மாட்டேன். வருகைப் பரிசு என் கையில் இல்லை.

வெயில்மழை:
யார் கையில் இருக்கிறதோ, அவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.